கொடிக்குப் போகாத துணி

வீட்டில் இருக்கும் துணிகளில் பெரும்பாலானவற்றுக்குத் துவைகல்லும் கொடியும் பழக்கம். வேட்டி, புடவை, தலையணை உறை, பவானி ஜமக்காளம்கூட. அழுக்கானால் நனைத்து, கசக்கி, அலசி, வெயிலில் போடுகிறோம். சோபாவில் இருக்கும் துணிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதை இழுத்துப் பிடித்து மரச்சட்டத்தில் பின் அடித்துவிட்டார்கள். அடியில் ஃபோம், அதற்கும் அடியில் பட்டையோ ஸ்பிரிங்கோ. அது தண்ணீரைத் தேடிப் போக முடியாது. தண்ணீர்தான் அதைத் தேடி வர வேண்டும். வந்த தண்ணீரைத் திருப்பி அனுப்புவதும் நம் பொறுப்பு. சோபா சுத்தம் செய்வதன் நெளிவுசுளிவுகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

*

எங்கள் சோபாவைச் சுத்தம் செய்ய வந்த தம்பி வெகுநேரம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. குஷன்களைத் தூக்கி, மடிப்புகளிலும் இடுக்குகளிலும் வாக்குவம் ஓட்டிக்கொண்டிருந்தார். சோபாவில் சேரும் அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த தூசிதான். அதன்மேல் தண்ணீர் பட்டால் சேறாகி உள்ளே இறங்கிவிடும். தெருமண்ணின் துகள்களுக்குக் கூர்மையும் உண்டு. நாம் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அவை நூலை ராவுகின்றன. கறை கண்ணில் படுகிறது, அதனால் அதன்மேல் பழி. துணியை நைய வைப்பது பெரும்பாலும் இந்தப் பொடிதான். வாரம் ஒருமுறை வாக்குவம் போட்டாலே துணிக்கு ஆயுசு கூடும்.

*

பிறகு குஷனைக் கவிழ்த்து, அடித்தையலில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைக் கத்தரித்தார். பால்கனிக்குப் போய்த் தீக்குச்சி உரசினார். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை, தொட்டால் உதிரும் சாம்பல். கம்பளி, பட்டு என்றால் முடி கருகும் நாற்றம். இந்த நூல் தீயைக் கண்டதும் சுருங்கி உருகி, நுனியில் கறுப்பு மணியாக இறுகியது.

“பாலியஸ்டர் சார். பயமில்ல, தண்ணி தாங்கும்.”

விஸ்கோஸ் அப்படித் தாங்காது. நனைந்தால் அதன் பலம் பாதியாகக்கூடக் குறையும். எரியும்போதோ அது பருத்தியைப் போலவே எரியும். தீக்குச்சியால் மட்டும் பிரித்தறிய முடியாது. அதனால்தான் சில சோபாக்களின் அடியில் சீட்டு தைத்திருக்கிறார்கள். ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் படலாம். ‘எஸ்’ என்றால் கரைப்பான் மட்டும். ‘எக்ஸ்’ என்றால் இரண்டும் கூடாது, வாக்குவத்தோடு சரி.

இன்னொன்றும் சொன்னார். குஷன் உறையில் ஜிப் இருப்பதாலேயே அதைக் கழற்றி வாஷிங் மெஷினில் போட்டுவிடக் கூடாது. பல சோபாக்களில் அந்த ஜிப், ஃபோமை உள்ளே திணிக்க வைத்தது. துவைத்தால் உறை சுருங்கும், ஃபோம் பழையபடியே இருக்கும், ஜிப் மூடாது.

*

இயந்திரம் செய்வது எளிய வேலை. சோப்புக் கரைசல் கலந்த வெந்நீரைப் பீய்ச்சுகிறது, பீய்ச்சிய கையோடு உறிஞ்சுகிறது. முனையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடி. அதன் வழியே போகும் தண்ணீர் முதலில் கறுப்பாக, பிறகு சாம்பல் நிறமாக, கடைசியில் தெளிவாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசையை அழுத்தி ஒரு இழுப்பு. அதே இடத்தில் விசையை விட்டுவிட்டு மூன்று இழுப்பு.

“விடறது ஒரு தடவ, எடுக்கறது மூணு தடவ சார்.”

எடுக்காமல் விட்ட ஈரம் ஃபோமில் தங்கும். மேல்துணி காயக் காய, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அந்த ஈரம் அழுக்கையும் சுமந்துகொண்டு மேலே வரும். மறுநாள் காலையில், சுத்தம் செய்த இடத்தைச் சுற்றிப் பழுப்பு வளையம். நீரை ஊற்ற யாராலும் முடியும். மீட்பதற்குத்தான் கைப்பழக்கம் வேண்டும்.

*

காபி கொட்டினால் முதலில் குளிர்ந்த நீர்தான். பாலிலுள்ள புரதம் வெந்நீர் பட்டால் இறுகிவிடும். வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை பரவும்.

மஞ்சள் கதை வேறு. சாம்பார் சிந்திய இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் காரக் கரைசலைத் தெளித்தால், அந்த இடம் சிவந்துவிடும். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் நடப்பது இதுதான். பதற வேண்டாம், லேசான புளிப்பு, அதாவது வினிகரோ சிட்ரிக் அமிலமோ பட்டால் பழைய மஞ்சள் நிறத்துக்குத் திரும்பும். அந்த மஞ்சளைச் சிதைப்பது வெளிச்சம். சோபாவைக் கொடியில் போட முடியாது என்றாலும் ஜன்னலோரம் நகர்த்தி வைக்கலாம். ஆனால் கறை வெளுக்கிறதே என்று வாரக்கணக்கில் விட்டால், துணியின் சாயமும் சேர்ந்து வெளுக்கும்.

*

தலை சாயும் இடத்தில் எண்ணெய்த் திட்டு. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆண்கள் மக்காசர் எண்ணெய் தடவி வாரிக்கொண்டார்கள். நாற்காலி முதுகுகள் கறையாகின. வீட்டுப் பெண்கள் பின்னல் துணிகளை அவற்றின்மேல் விரித்தார்கள். நம் அரசு அலுவலகங்களில் அதிகாரியின் நாற்காலி முதுகில் வெள்ளை டர்க்கி டவல் போட்டிருப்பதைப் பார்க்கிறோம். பதவியின் அடையாளமாக ஆகிவிட்டாலும், அதன் வேலை எளிமையானது: துவைக்க முடியாத துணிக்கு முன்னால் துவைக்க முடிந்த ஒரு துணியைக் காவல் வைப்பது. சுத்தம் செய்யும் கருவிகள் எதுவும் இந்த யோசனையை மிஞ்சியதாகத் தெரியவில்லை.

*

கறையே ஒட்டாத துணியும் வந்தது. 1953இல் அமெரிக்காவின் 3எம் ஆய்வகத்தில், சோதனைக்கு வைத்திருந்த ஒரு திரவம் உதவியாளர் ஒருவரின் கான்வாஸ் ஷூவில் சிந்தியது. எதைக் கொண்டு கழுவியும் அது போகவில்லை. நாளடைவில் ஷூ முழுதும் அழுக்காக, அந்த இடம் மட்டும் அழுக்கை ஏற்காமல் நின்றது. பாட்ஸி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் அதைப் பின்தொடர்ந்து போய் உருவாக்கியது ஸ்காட்ச்கார்ட். 1956இல் விற்பனைக்கு வந்தது. அதில் இருந்த ஃபுளோரின் சேர்மங்கள் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குவதும், மனித ரத்தத்தில் இருப்பதும் பின்னர் தெரியவந்தது. 2000இல் அந்த நிறுவனமே அந்த ரசாயன வகையைக் கைவிடுவதாக அறிவித்தது. துணியில் எதையும் தங்கவிடாத பொருள், உடம்புக்குள் போனால் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. இதை அறிந்தபின் எங்கள் சோபாவின் கறைகள்மேல் எனக்கிருந்த கோபம் தணிந்தது.

*

கைப்பிடியில் பேனா மைக் கறை. தம்பி ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒற்றி ஒற்றி அதைப் பாதி எடுத்தார். பிறகு நிறுத்திக்கொண்டார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்றேன்.

“இதுக்கு மேல போனா கறை போவாது சார், துணி போயிடும்.”

வேண்டாம் என்று கையை எடுக்கத் தெரிவதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் காசு கொடுக்கிறோம் என்று பட்டது.

*

காய்ந்தால்தான் வேலை முடிந்த கணக்கு. ஃபேனைப் போட்டு, ஜன்னல்களைத் திறந்து, குஷன்களை நிமிர்த்தி வைக்க வேண்டும். சென்னையில் எல்லோரும் சோபாவை நினைத்துக்கொள்வது தீபாவளிக்கு முன்னால். அது ஐப்பசி, அடைமழைக் காலம். காற்றே ஈரத்தைச் சுமந்திருக்கும்போது ஃபோம் எங்கே அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்? நாள் முழுக்கக் காயாமல் கிடந்து முடைநாற்றம் பிடிக்கும், பூசணமும் பூக்கும். விருந்தாளிகளுக்காகச் செய்த சுத்தம் விருந்தாளிகளின் மூக்கில் போய் முடியும். மாசி, பங்குனிதான் தோது. அடுத்த முறை பங்குனியிலேயே கூப்பிடுகிறேன் என்றேன்.

“கூப்பிடுங்க சார். அப்ப ரேட்டும் கம்மிதான்.”