ஆறு வாரக் கூண்டு

பெண்களைப் பூட்டி வைப்பதை எதிர்த்து இருபது ஆண்டுகளாக எழுதியும் பேசியும் வருகிற நான், சென்ற ஆண்டு ஆறு வாரம் ஓர் உயிரைக் கூண்டில் பூட்டி வைத்தேன். அவள் பெயர் மிளகு. ஐந்து வயது டாஷ்ஹண்ட் நாய். சோபாவிலிருந்து குதித்தவள் வீலென்று கத்தினாள். முதுகு வளைந்து, பின்னங்கால்கள் தள்ளாட நின்றாள். கால்நடை மருத்துவர் பரிசோதித்துவிட்டு, முதுகில் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகிறது என்றார். காலில் உணர்வும் நடையும் மிச்சமிருந்ததால் அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம், மருந்தும் கூண்டு ஓய்வும் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். "பின்னங்கால் முழுசா விழுந்துட்டாலோ, மூத்திரம் போகலைன்னாலோ, நடு ராத்திரியானாலும் தூக்கிட்டு வந்துடுங்க மேடம்."

எழுந்து திரும்பிப் படுக்கும் அளவுக்குத்தான் கூண்டில் இடம். சிறுநீர் கழிக்க மட்டும் வெளியே தூக்கிப் போக வேண்டும். ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை இடுப்புக்கடியில், முதுகு மட்டம் குலையாமல். மருந்தில் வலி அடங்கியதும் ஓடத் துடித்தாள். அதிக ஆபத்து அப்போதுதான். வலி போயிருந்தது, காயம் போகவில்லை. இரவெல்லாம் கம்பியைச் சுரண்டியவளிடம், "உன் நல்லதுக்குத்தான்டி" என்றேன். சொன்னதும் என் நாக்கு சுட்டது.

அந்த வாக்கியம் எனக்குப் பழகியது. வயதுக்கு வந்தபோது பின்கட்டில் தனியே உட்கார வைத்த பாட்டி சொன்னது. நான் தங்கிப் படித்த விடுதியில், மாலை ஆறு மணிக்குக் கதவைச் சாத்திய வார்டன் சொன்னது. 2015இல் டெல்லியின் மாணவிகள் விடுதிப் பூட்டுகளை எதிர்த்துத் தொடங்கிய இயக்கத்துக்கு 'பிஞ்ச்ரா தோட்' என்று பெயரிட்டார்கள். கூண்டை உடை என்று பொருள். அதைப் பற்றி வகுப்பில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து மிளகின் கூண்டுக் கொக்கி சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்.

நாய்க்குப் பேச்சு இல்லை, டிஸ்க் என்றால் என்னவென்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பெண்ணுக்குப் பேச்சு உண்டு. வேறுபாடு இதுதான் என்று முதலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் போதவில்லை. பூட்டுகிறவர்கள் எல்லோருமே உள்ளே இருப்பவளுக்கு விவரம் தெரியாது என்றுதானே சொல்லி வந்திருக்கிறார்கள்?

விடையின் நுனியை எடுத்துக் கொடுத்தது அம்மா. அவளுக்கும் டிஸ்க்தான். நாற்பத்தைந்து வயதில் மருத்துவர் அவளிடம் குனியாதே, கனம் தூக்காதே என்றார். வீட்டுக்கு வந்தாள். மாவாட்டும் கல்லும் தண்ணீர்க் குடமும் அங்கேயே இருந்தன. அப்பாவோ அண்ணனோ நானோ அந்தக் குடத்தைத் தூக்கவில்லை. மிளகை நான் மட்டமாகத் தூக்கிப் போவதை ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தவள் சொன்னாள்: "அதுக்குக் குடுத்து வச்சிருக்கு. எனக்கு 'குனியாதே'ன்னு சொன்னாங்க. குனியுற வேலையை யாரும் எடுத்துக்கலையே."

அன்றிலிருந்து பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கிறேன். மிளகின் ஓய்வுக்கு நான் தூக்கத்தைக் கொடுத்தேன், பயணங்களை விட்டேன், சோபாவை அப்புறப்படுத்தினேன். வழுக்கும் தரையெங்கும் பாய் விரித்தேன். அம்மாவின் ஓய்வுக்கு விலை கொடுக்க ஆளில்லை, அதனால் அது வெறும் அறிவுரையாக நின்றது. விடுதிப் பெண்ணின் பாதுகாப்புக்கு அவளே முழு விலையையும் கொடுக்கிறாள். நூலகத்தை, சினிமாவை, சாயங்காலத்தை இழக்கிறவள் அவள்தான். இருட்டுத் தெருவுக்கு விளக்குப் போட வேண்டியவர்கள் ஒன்றும் இழப்பதில்லை.

மிளகின் முதுகில் நமக்குப் பழைய கடனும் உண்டு. வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்ற விலங்கை வேட்டையாடுவதற்காக ஜெர்மனியில் உருவாக்கிய இனம் இது. 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர், 'ஹுண்ட்' என்றால் நாய். கால் குட்டையாக வேண்டும் என்று தேர்ந்து தேர்ந்து இனம் பெருக்கினார்கள். கால்களைக் குட்டையாக்கும் மரபணு மாற்றங்களில் ஒன்றே டிஸ்க்குகளையும் இளவயதில் இறுகிக் கெட்டிப்படச் செய்கிறது என்று 2017இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். பிறர் உபயோகத்துக்காக வடிவமைத்த உடல், அதன் வலியைத் தானே சுமக்கிறது. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

ஆறு வாரம் முடிந்தபோது எனக்கு ஒன்று தெரிந்தது. கூண்டைத் திறக்க எனக்கு மனமில்லை. உள்ளே இருந்தால் எனக்கு நிம்மதி. இன்னும் ஒரு மாதம் இருக்கட்டுமே என்று மருத்துவரிடம் கேட்டேன். "தசை கரைஞ்சிடும் மேடம். அப்புறம் முதுகைத் தாங்க எதுவும் இருக்காது" என்றார். அந்தக் கணம் வார்டனை நான் புரிந்துகொண்டேன். மன்னிக்கவில்லை, புரிந்துகொண்டேன். அவள் நலத்துக்காக மாட்டிய கொக்கி, எந்த நாளில் என் அச்சத்துக்கான கொக்கியாக மாறியது என்று எனக்கே தெரியவில்லை.

கூண்டை விட நடைதான் கடினம். முதலில் ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை. காயம் ஆற ஆற, வாரத்துக்கு வாரம் சில நிமிடங்கள் கூட்டலாம். கழுத்துப்பட்டை கூடாது, மார்புப் பட்டைதான். கால் தள்ளாடினால் வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்க வேண்டும். படியேற்றம், பந்து எறிதல், கயிறு இழுக்கும் விளையாட்டு எதுவும் கிடையாது. மெதுவாக நடக்கும்போதுதான் ஒவ்வொரு பின்னங்காலும் தனித்தனியே தரையில் ஊன்றப் பழகும். வேகம் கூடினால் இரண்டையும் சேர்த்துத் துள்ளி, பலவீனமான காலை ஏமாற்றிவிடும். எனவே கூட நடப்பவர் அவள் வேகத்துக்கு இறங்க வேண்டும். எனக்கு அது வசப்பட வெகு நாளானது.

இப்போது மிளகு இருபது நிமிடம் நடக்கிறாள். சோபா திரும்பி வரவில்லை. எங்கள் வீட்டுத் தண்ணீர் கேனை இப்போது நானும் அண்ணனும் தூக்குகிறோம், இருபத்தைந்து வருடம் தாமதமாக. அதற்கு அம்மா நன்றி சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. மாலையில் அவளும் எங்களோடு வருகிறாள். தெருமுனை வேப்பமரம் வந்ததும் இரண்டு பேரும் நின்றுவிடுவார்கள். அவர்கள் மறுபடி கிளம்பும்வரை நானும் நிற்கிறேன்.