பழைய கார் வியாபாரமும் மறைக்கப்படும் குறையும்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம், மணவாள நகர், திருவள்ளூர்)

அல்ஹம்துலில்லாஹ். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ரஸூலில்லாஹ், வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மயீன். அம்மா பஃது.

எனக்கும் உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்து இந்த உரையைத் தொடங்குகிறேன்.

நம்முடைய ஊர் வண்டிகளோடு வளர்ந்த ஊர். 1998ஆம் ஆண்டு திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் இருந்துதான் மிட்சுபிஷி லான்சர் கார் இந்தியாவுக்குள் வந்தது. அதே ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் இருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது. ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் கும்மிடிப்பூண்டி பக்கமும் ஷிஃப்டுக்குப் போய் வருகிற நம் பிள்ளைகளில் பலருக்கு இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லத் தெரியும். சம்பளம் வாடகைக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் சரியாகப் போய்விடுகிறது. அதனால் ஒரு பழைய ஆல்டோவையோ சான்ட்ரோவையோ வாங்கி, டிங்கரிங் பெயிண்டிங் பார்த்து, கொஞ்சம் லாபம் வைத்து விற்கிறார்கள். இதைப் பற்றி ஜமாஅத்தில் கேள்வி வருகிறது. ஹஜ்ரத், இது கூடுமா? எவ்வளவு லாபம் வைக்கலாம்?

தாராளமாகக் கூடும். உர்வா அல்பாரிகீ (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கி வரச் சொன்னார்கள். அவர் அந்த ஒரு தீனாருக்கு இரண்டு ஆடுகளை வாங்கினார். அதில் ஒன்றை ஒரு தீனாருக்கு விற்றுவிட்டு, ஓர் ஆட்டையும் ஒரு தீனாரையும் கொண்டு வந்து கொடுத்தார். புகாரியில் வருகிற செய்தி இது. நபி (ஸல்) அவர்கள் கோபிக்கவில்லை. அவருடைய வியாபாரத்தில் பரக்கத் வேண்டி துஆ செய்தார்கள். அதன் பிறகு அவர் மண்ணை வாங்கி விற்றாலும் லாபம் பார்த்தார் என்கிறது அந்த அறிவிப்பு. வாங்கியதை உடனே விற்பதிலும் குற்றமில்லை, இரண்டு மடங்கு கிடைப்பதிலும் குற்றமில்லை.

எனவே நீங்கள் ஒரு வண்டியை 1,40,000 ரூபாய்க்கு வாங்கி, 25,000 செலவு செய்து, 2,10,000க்கு விற்றால், அந்த 45,000 உங்களுடைய ஹலாலான சம்பாத்தியம். அடக்க விலையைச் சொல்ல வேண்டிய கடமையும் இல்லை. ஆனால் சொன்னால் உண்மையைச் சொல்ல வேண்டும். “பாய், எனக்கே ஒண்ணு தொண்ணூறு அடக்கம்” என்று சும்மா சொல்லும் சொல் இருக்கிறதே, அது பொய். அதன் மேல் சத்தியமும் செய்தால் இன்னும் பெரிய பாவம். ஃபுகஹாக்கள் இதில் எவ்வளவு நுணுக்கமாகப் போயிருக்கிறார்கள் பாருங்கள். செலவழித்ததை அசலோடு சேர்த்துச் சொல்லும்போது, இவ்வளவுக்கு வாங்கினேன் என்று சொல்லாதே, இவ்வளவு எனக்கு அடக்கம் ஆகியிருக்கிறது என்று சொல் என்கிறார்கள். பெயிண்டருக்குக் கொடுத்த கூலியை அடக்கத்தில் சேர்க்கலாம். நீயே பெயிண்ட் அடித்திருந்தால் உன் கூலியைச் சேர்க்காதே, அதை லாபத்தில் எடுத்துக்கொள் என்கிறார்கள்.

லாபம் பிரச்சினை இல்லை சகோதரர்களே. பிரச்சினை வண்டிக்குள் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குத் தெரியாமல் இருக்கிற அந்த ஒரு விஷயத்தில் இருக்கிறது.

மதீனா கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்கள் நனைந்தன. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று கடுமையாகச் சொன்னார்கள். முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது, மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றம் இல்லை. நனைந்த தானியத்தை விற்கக் கூடாது என்றும் அவருக்குச் சொல்லப்படவில்லை. ஈரத்தைக் கீழே வைத்து, காய்ந்ததை மேலே வைத்தாரே, அதுதான் பிடிபட்டது.

2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் நாம் மறக்கவில்லை. சென்னையிலும் நம் மாவட்டத்திலும் எத்தனை கார்கள் சீட் மட்டத்துக்குத் தண்ணீரில் நின்றன! அப்படி நின்ற வண்டியைக் காய வைத்து, கார்ப்பெட் மாற்றி, சென்ட் அடித்து நிறுத்தினால் புதிது போல இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு சில நேரம் சொல்லிக்கொடுத்துவிடும். வயரிங்கில் பிடித்த பச்சைக் களிம்பு ஆறு மாதம் கழித்துத்தான் தன் வேலையைக் காட்டும். ஒரு சகோதரர் மனைவி மக்களோடு இரவு நேரத்தில் திருப்பதி ரோட்டில் போகும்போது ஹெட்லைட் அணைந்தால், ஈரத்தைக் கீழே வைத்த கை யாருடையது?

இன்னொன்று, ஆட்டையும் ஒட்டகத்தையும் இரண்டு நாள் கறக்காமல் மடியைக் கட்டி வைத்து, நிறையப் பால் தருகிறது என்று காட்டி விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அப்படி ஏமாந்தவருக்கு மூன்று நாள் அவகாசம் உண்டு, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கறந்த பாலுக்காக ஒரு ஸாவு பேரீச்சம்பழத்தோடு திருப்பிக் கொடுக்கலாம் என்று அந்த ஹதீஸில் இருக்கிறது. மடியைக் கட்டியவர் வாயால் எந்தப் பொய்யும் சொல்லவில்லை, மடிதான் அவருக்காகப் பொய் சொன்னது. 1,60,000 ஓடிய கிலோமீட்டரை 60,000 ஆக்கி மீட்டரைக் குறைப்பவரும் வாயைத் திறப்பதில்லை. புகை தள்ளுகிற இன்ஜினுக்குக் கெட்டியான ஆயிலை ஊற்றி ஒரு வாரத்துக்கு அடக்கி வைப்பவரும் திறப்பதில்லை. வாயைத் திறக்கிறவர் வேறு வகை. “டாக்டர் ஓட்டின வண்டி, சிங்கிள் ஓனர்” என்பார். இந்த நாட்டில் விற்கிற பழைய கார் அத்தனையையும் டாக்டர்களே ஓட்டியிருந்தால் ஆஸ்பத்திரியில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லை!

இவற்றில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். விபத்தில் ஏர்பேக் வெடித்த வண்டியை வாங்குகிறார்கள். புது ஏர்பேக் விலை அதிகம். மேல் கவரை ஒட்டி, டேஷ்போர்டில் எரிகிற எச்சரிக்கை விளக்கு அணையும்படி வயரில் ஒரு சின்ன ரெசிஸ்டரைச் செருகிவிடுகிறார்கள். வாங்குகிறவர் விளக்கு எரியவில்லை, எல்லாம் சரி என்று நம்பிக் குழந்தையை முன்சீட்டில் வைத்துக்கொண்டு போகிறார். அந்த இடத்தில் ஏர்பேக்கே இல்லை. இது இருபதாயிரம் ரூபாய் விஷயம் இல்லை, உயிர் விஷயம். இப்படிப்பட்ட வண்டியைச் சரியாக்க முடியவில்லை என்றால், ஏர்பேக் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்த விளக்கை எரிய விட்டு விற்க வேண்டும்.

இப்போது சிலர் கேட்பார்கள். “வண்டியை மெக்கானிக்கை வைத்துப் பார்த்துக்கோங்க, இருக்கிற கண்டிஷனில் தருகிறேன், அப்புறம் எனக்குச் சம்பந்தமில்லை என்று பேப்பரில் எழுதி வாங்கிவிட்டேனே?”

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு வழக்கு வருகிறது. அடிமை முறை இருந்த காலம். இப்னு உமர் (ரலி) அவர்கள் குறைகளுக்குப் பொறுப்பில்லை என்ற நிபந்தனையோடு ஓர் அடிமையை 800 திர்ஹத்துக்கு விற்றார்கள். வாங்கியவர், அவருக்கு நோய் இருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை என்று கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்களிடம் முறையிட்டார். விற்றபோது அந்த நோய் தெரியாது என்று சத்தியம் செய்யும்படி உஸ்மான் (ரலி) அவர்கள் கேட்டார்கள். இப்னு உமர் (ரலி) சத்தியம் செய்ய மறுத்து, அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள். பின்னர் அவர் குணமடைந்தார், 1,500 திர்ஹத்துக்கு விலை போனார். நிபந்தனை இருந்தாலும் உஸ்மான் (ரலி) அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உனக்குத் தெரியுமா, தெரியாதா? பொறுப்பில்லை என்று நிபந்தனையிட்டு விற்றால் ஹனஃபி மத்ஹபில் அந்த விற்பனை சட்டப்படி செல்லும். அது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் அந்த நிபந்தனை, தெரிந்த குறையைப் பட்டி வைத்து மூடுவதை ஹலாலாக்காது. நான்கு மத்ஹபிலும் அதற்கு இடமில்லை.

குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்பது நியாயமான கவலை. சொன்னால் விலை குறையும். சில வண்டி இரண்டு மாதம் வாசலில் நிற்கும். அதனால் கணக்கை வாங்கும்போதே போடுங்கள். இந்தக் குறையைச் சொல்லி விற்றால் என்ன கிடைக்கும் என்று பார்த்து, அதற்குக் கீழே கிடைத்தால் வாங்குங்கள். மறைத்தால் மட்டுமே லாபம் வரும் என்கிற வண்டியைத் தொடாதீர்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையை விளக்கினால் இருவருக்கும் பரக்கத், மறைத்தால் அது துடைக்கப்படும் என்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது.

விற்பதைப் பற்றியே பேசிவிட்டோம். இந்தத் தொழிலில் பெரிய லாபம் வாங்கும் இடத்தில்தான் வருகிறது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணவர் மவுத்தாகி, வாசலில் நிற்கிற காரை விற்க வரும் சகோதரிக்கு மார்க்கெட் விலை தெரியாது. ஓடுகிற இன்ஜினை “இன்ஜின் போச்சும்மா” என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்குவது அனாதைகளின் சொத்தில் கை வைப்பது. ஜரீர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் பணியாள் ஒரு குதிரையை 300 திர்ஹத்துக்குப் பேசி முடித்து, பணம் வாங்க உரிமையாளரை அழைத்து வந்தார். குதிரையைப் பார்த்த ஜரீர் (ரலி), இது 300ஐ விட மதிப்புள்ளது, 400க்குத் தருகிறாயா என்று கேட்டு, படிப்படியாகத் தாமே விலையை ஏற்றி 800 கொடுத்தார்கள். எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபி (ஸல்) அவர்களிடம் பைஅத் செய்திருந்ததைக் காரணமாகச் சொன்னார்கள். எல்லோரும் 800 கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பேரம் பேசுவது ஆகும். பொய் சொல்லி விலையைச் சாய்ப்பது ஆகாது.

அடுத்து ஆர்.சி. புக் விஷயம். இதை மார்க்கத்துக்கு வெளியே உள்ளதாக நினைக்கிறோம். பெயர் மாற்றினால் ஓனர் எண்ணிக்கை கூடும், விலை குறையும் என்று, முதல் உரிமையாளரிடம் 29, 30 படிவங்களில் வெறுமனே கையெழுத்து வாங்கிக் கைமாற்றிக்கொண்டே போகிறார்கள். நவீன் குமார் எதிர் விஜய் குமார் என்ற வழக்கில் இப்படித்தான் ஒரு கார் பல கை மாறியது. 2009இல் விபத்து நடந்தது. ஆர்.சி.யில் பெயர் இருந்தவர் வண்டியை விற்று இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. ஆனாலும் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவில் உள்ள அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்த மனிதரின் வீட்டுக்கு ஒரு நாள் சம்மன் வரும். அவருடைய பெயர் உங்கள் கையில் இருக்கும் அமானிதம். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இதையே தொடர்ந்து தொழிலாகச் செய்பவர்களுக்கு 2023 ஏப்ரல் முதல் டீலர் அங்கீகாரச் சான்று பெறும் முறை வந்திருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் வராத வண்டியைக் காட்டி டோக்கன் அட்வான்ஸ் வாங்காதீர்கள், நம்மிடம் இல்லாததை விற்பது தடுக்கப்பட்டிருக்கிறது. கம்பெனி கேட்டைத் தாண்டி வருகிற பெயிண்டும் போல்ட்டும் பற்றி விளக்க வேண்டியதில்லை, அதன் பெயர் திருட்டு.

ஒரு கேள்வி பாக்கி. போன வருடம் மீட்டரைக் குறைத்து விற்றுவிட்டேன், இப்போது தவ்பா செய்கிறேன், போதுமா? இது அடியானின் ஹக். பள்ளியில் அழுதால் மட்டும் தீராது. வாங்கியவரின் நம்பர் உங்கள் போனில் இருக்கும். கூப்பிட்டு, இந்த வண்டியில் இந்தக் குறை இருந்தது, நான் சொல்லவில்லை என்று சொல்லுங்கள். திருப்பித் தருகிறாரா, வித்தியாசத் தொகையை வாங்கிக்கொள்கிறாரா, மன்னிக்கிறாரா என்பது அவர் விருப்பம். அவர் இந்து சகோதரராக இருந்தாலும், கிறிஸ்தவராக இருந்தாலும் ஹக் ஹக்குதான். மொத்தமாகக் கொடுக்க முடியாவிட்டால் தவணையில் கொடுங்கள். ஏர்பேக் வண்டியாக இருந்தால் இன்று தொழுகை முடிந்ததும் முதல் வேலையாகக் கூப்பிடுங்கள், அந்தக் குழந்தை இன்றும் முன்சீட்டில் உட்கார்ந்திருக்கலாம்.

அகூலு கவ்லீ ஹாதா, வஅஸ்தக்ஃபிருல்லாஹ லீ வலகும்.