கோட்டுக்கு வெளியே

ஹேண்ட்பாலில் இடது ஓரத்தில் ஆடுபவருக்குப் பந்து அடிக்கடி வராது. வந்தாலும் கோல் தெரியும் கோணம் மிகக் குறுகியது. ஆனால் கை காலியாக இருக்கும் அந்த நேரத்தில் மொத்த ஆட்டமும் அவர் கண்ணில் படுகிறது. டென்மார்க்கின் நிக்கோலாய் யாகோப்சன் அப்படி ஓரத்தில் ஆடியவர். வீரராக உலகச் சாம்பியன் பட்டம் அவருக்கு வாய்க்கவில்லை. பயிற்சியாளராக 2019, 2021, 2023, 2025 என நான்கு முறை தொடர்ந்து வென்றார். நடுவில் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தங்கம் வேறு. நன்றாக ஆடியவரெல்லாம் நன்றாகச் சொல்லித்தருவதில்லை; அது தெரிந்ததுதான். அதைவிடக் கடினம், தான் போட்டிருக்கக்கூடிய கோலை இன்னொருவர் தவறவிடும்போது, கோட்டுக்கு வெளியே நின்றபடி அடுத்த பந்துக்கும் அவரையே நம்புவது.