விலைக்கு வரும் பழைய வீடு

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் உள்ள வெஸ்லே, குன்றின் முதுகேறிச் செல்லும் தெரு மகதலா மரியாளின் பேராலய வாயிலில் முடிகிற சிற்றூர். அங்கே இடைக்கால நிலவறையின்மேல் நிற்கும் வீடு ஒன்று செப்பனிடப்பட்டு விற்பனைக்கு வரும்போது, ஓடும் உத்தரமும் சாளரமும் மாறிய பின்னும் அதைப் பழைய வீடு என்றே சொல்லி விலை பேசுவதற்கு எது இடம் தருகிறது என்னும் கேள்வி எழுகிறது. மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள் அதுவாகவே நீடிப்பது எவ்வாறு என்று மெய்யியலார் கேட்டுவந்த, தன்னடையாளம் எனப்படும் சிக்கலே இது.

ஏதென்ஸ் மக்கள் தொன்ம வீரன் தீசியுசின் கப்பலில் உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிவந்ததையும், அது அதே கப்பல்தானா என்று அறிஞர் வழக்காடியதையும் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதிவைத்தார். கழற்றிய பலகைகளைக் கொண்டே இன்னொரு கப்பல் கட்டினால் எது உண்மைக் கப்பல் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மெய்யியலார் ஹாப்ஸ் அவ்வழக்கைக் கூர்மையாக்கினார். பலகைகளை எண்ணும் இவ்வாதத்தில் விடுபட்டுப்போவது, அம்மக்கள் கப்பலை ஏன் பேணினர் என்பது. அப்பொல்லோவுக்கு நேர்ந்துகொண்ட கடனைச் செலுத்த அது டெலோஸ் தீவுக்கு ஆண்டுதோறும் சென்றுவந்தது என்பதை, சாக்ரடீசின் இறுதி நாளைக் கூறும் பிளேட்டோவின் 'பீடோ' தெரிவிக்கிறது. ஒரு பொருள் எதற்காக இருக்கிறதோ அதையும் அதன் காரணங்களுள் ஒன்றாக அரிஸ்டாட்டில் வைத்தார்; இந்த நோக்கக் காரணம் நிலைத்தவரை மாறியது மரமேயன்றிக் கப்பலன்று.

வெஸ்லேயில் இவ்வழக்கு கல்லிலேயே நடந்தது. சிதைந்துகொண்டிருந்த பேராலயத்தை 1840இல் செப்பனிடத் தொடங்கிய கட்டடக்கலைஞர் வியோலே-லெ-துக், கட்டடத்தை எக்காலத்திலும் இருந்திராத ஒரு முழுமைக்கும் கொண்டுசெல்லலாம் என்று பின்னர் வரையறுத்தார். அத்தகைய பணியே பொய் என்று 1849இல் ஆங்கிலக் கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் எழுதினார். இவ்விருவர் வழக்கிற்கும் வெளியே, சிமெண்டு பூசினால் ஈரம் சிறைப்பட்டுப் பழஞ்சுவரின் கல் உதிரும், சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வெளியேற விடும் என்று அறிந்த கொத்தனார், சாந்து புதிதாயினும் சுவரின் இயல்பைக் காப்பாற்றுகிறார்.

நோக்கமே ஒரு பொருளை அதுவாக வைத்திருக்கிறது என்றால், வீட்டின் பயன் யாருக்குரியது என்று கேட்க வேண்டும். கட்டடத்தின் பயன் உடையவருக்கும் அழகு அனைவருக்கும் உரியது என்று பிரெஞ்சு எழுத்தாளர் விக்தோர் ஹியூகோ 1832இல் வாதிட்டார். காக்கப்படும் நினைவுச்சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் அதனோடு சேர்ந்து கண்ணில் படும் கட்டடத்தின் வெளித்தோற்றத்தை மாற்ற அனுமதி வேண்டும் என்ற 1943ஆம் ஆண்டுப் பிரெஞ்சுச் சட்டமும் அவ்வழியிலேயே செல்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலாளர் தோமா அக்குவினாசோ, பொருளை ஈட்டவும் பகிர்ந்தளிக்கவும் தனியுடைமை ஏற்கத்தக்கது, பயன்படுத்துகையில் மட்டும் அதைப் பொதுவெனக் கருதி இல்லாதவர்க்குத் தர முன்வர வேண்டும் என்றார். ஹியூகோ உடையவருக்கு விட்டுக்கொடுத்த பயனையே இவர் பொதுவாக்குகிறார். இரண்டில் இதுவே ஆழமான நோக்கு.

வெஸ்லே வீடுகளின் அடியிலுள்ள வளைகூரை அறைகள் ஒருகாலத்தில் திருப்பயணிகள் படுத்துறங்க இடம் தந்தவை. ஒரு கல்லும் மாறாமல் துலக்கப்பட்டு மதுப்புட்டிகள் மட்டுமே அடுக்கப்படும் நிலவறையைவிட, பாதிச்சுவர் புதிதாக எழுந்தும் அயலார்க்குக் கதவு திறக்கும் நிலவறையே பழைய வீட்டைத் தன்னுள் வைத்திருக்கிறது. ஸ்பெயினில் புனித யாக்கோபின் கல்லறை நோக்கிச் செல்லும் பாதைகளுள் ஒன்று இன்றும் இவ்வூரிலிருந்தே தொடங்குகிறது. தோள்பையோடு வருவோர் இன்றும் அந்தத் தெருவில்தான் ஏறிவருகின்றனர்.