பின்பக்கத்து மீட்டர்

ஒருத்தர் கண்ணில் படாத இடத்தில் ஒரு தப்பு நடக்கிறது. அதைக் கவனிக்க வேண்டிய வேலையில் இருந்தவர் அவர்தான். அவரைக் குற்றவாளி என்று சொல்லலாமா?

‘இதென்ன கேள்வி? சம்பளம் வாங்குறார் இல்ல... பொறுப்பும் அவருதுதான்!’ என்று சட்டென்று பதில் சொல்கிறவரா நீங்கள்? அப்படியென்றால், 1979-ம் வருஷம் மார்ச் 28-ம் தேதி அதிகாலை நாலு மணிக்கு அமெரிக்காவில் நடந்த கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ‘த்ரீ மைல் ஐலண்ட்’ அணுமின் நிலையம். இரண்டாவது உலைக்கான தண்ணீர் பம்ப் நின்றுபோனது. அழுத்தம் ஏறியது. அதைத் தணிக்க ஒரு வால்வு தானாகத் திறந்தது. அழுத்தம் இறங்கியதும் அது மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. திறந்தபடியே சிக்கிக்கொண்டது. உலையைக் குளிர்விக்கிற தண்ணீர் அந்த வழியாகப் போய்க்கொண்டே இருந்தது.

கன்ட்ரோல் ரூமில் அந்த வால்வுக்கான விளக்கு அணைந்திருந்தது. சரி, மூடிக்கொண்டது என்று ஆபரேட்டர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆனால், அந்த விளக்கு சொன்ன சேதியே வேறு. ‘மூடு’ என்ற கட்டளை போயாச்சு என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். வால்வு அந்தப் பேச்சைக் கேட்டதா இல்லையா என்பது தெரியாது!

காமர்ஸ் படித்தவனுக்கு இது குடோன் கணக்காகத்தான் தெரிகிறது. ஸ்டாக் புத்தகத்தில் நூறு மூட்டை இருக்கும். குடோனில் எத்தனை என்பது கதவைத் திறந்து எண்ணினால்தான் தெரியும்.

எண்ணிப் பார்க்கவும் ஒரு வழி இருந்தது. வால்விலிருந்து வெளியேறுகிற தண்ணீர் போய்ச் சேரும் தொட்டிக்கு மீட்டர்கள் இருந்தன. ஆனால், அவற்றை வைத்திருந்த இடம் பேனலின் பின்பக்கம். முன்னால் நிற்பவருக்குத் தெரியாது. நூற்றுக்கும் மேற்பட்ட அலாரங்கள் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருக்கும்போது, விளக்கு ‘எல்லாம் சரி’ என்று சொல்லும் ஒரு விஷயத்தைச் சரிபார்க்க யார் எழுந்து பின்னால் போவார்கள்? இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து, புதிதாக வந்து சேர்ந்த ஒரு சூப்பர்வைசர்தான் சந்தேகப்பட்டு, அந்தப் பாதையை அடைக்கச் சொன்னார். காரியம் கைமீறிவிட்டது. உலையின் மையத்தில் சுமார் பாதி உருகிப்போனது பிற்பாடு தெரியவந்தது.

ஜனாதிபதி கார்ட்டர் அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைவர், ஜான் கெமனி. ‘பேஸிக்’ கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஆபரேட்டர்கள் செய்த தப்பை அந்தக் குழு மூடி மறைக்கவில்லை. ஆனால், அதோடு ஃபைலைக் கட்டி வைக்கவும் இல்லை. அவர்களுக்குக் கொடுத்த பயிற்சி, கையேடுகள், கன்ட்ரோல் ரூம் அமைக்கப்பட்ட விதம் என்று எல்லாவற்றையும் கேள்வி கேட்டது.

‘அதெல்லாம் அந்தக் காலம் சார், இப்போ எல்லாம் கம்ப்யூட்டர்’ என்பீர்கள். பேனல் போய் மானிட்டர் வந்தது உண்மை. பின்பக்கம் மட்டும் போகவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

1974 ஜூன் 1-ம் தேதி, இங்கிலாந்தில் ஃப்ளிக்ஸ்பரோ ரசாயனத் தொழிற்சாலை வெடித்தது. இறந்தவர்கள் 28 பேர். அதில் 18 பேர் கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள். இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு, கன்ட்ரோல் ரூமை ஆலையிலிருந்து தள்ளி, வெடிப்பைத் தாங்குகிற மாதிரி கட்டுவது பழக்கத்துக்கு வந்தது. உயிர் காக்கிற ஏற்பாடு. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், பம்ப்பின் சத்தம், காற்றில் வருகிற நெடி, ஜன்னலில் தெரிகிற புகை எல்லாம் பழைய இடத்திலேயே தங்கிவிட்டன. ஆபரேட்டருக்கு மிச்சம், திரை மட்டும்தான்.

அந்தத் திரையை இடம் மாற்றுகிற வேலையைப் பாருங்கள். கம்ப்யூட்டரைத் தூக்கி வைத்து ஒயரைச் சொருகினால் முடிந்தது என்றுதான் தோன்றும். மறுநாள் ஆரம்பிக்கும் கூத்து. கீபோர்டு விட்டுவிட்டு வேலை செய்யும். காரணம், 5 மீட்டர் வரைதான் தாங்கும் யு.எஸ்.பி. ஒயரை எட்டு மீட்டருக்கு இழுத்திருப்பார்கள். திரை அடிக்கடி உறைந்துபோகும். 100 மீட்டர்தான் எல்லை என்கிற செம்பு நெட்வொர்க் கேபிள், அதைத் தாண்டி ஓடியிருக்கும்.

இதெல்லாம் நல்ல கோளாறுகள். ‘நான் இங்கே இருக்கேன்’ என்று தானாகச் சொல்லிவிடுகின்றன. பயப்பட வேண்டியது வாய் திறக்காத கோளாறுகளுக்கு.

ஒன்று அறுந்தாலும் இன்னொன்று கைகொடுக்கட்டும் என்று இரண்டு கேபிள்கள் வைத்திருப்பார்கள். இடம் மாற்றிய அவசரத்தில் இரண்டையும் ஒரே பெட்டியில் சொருகிவிடுவார்கள். எல்லா விளக்கும் பச்சை. அந்தப் பெட்டி படுக்கிற நாளில்தான் குட்டு உடையும். அலாரத்தின் ஸ்பீக்கரை மறந்திருப்பார்கள். ஆள் இல்லாத பழைய ரூமில் அது விசுவாசமாகக் கூவிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டரின் கடிகாரம் இரண்டு நிமிஷம் பிசகியிருக்கும். நாளைக்கு ஒரு விபத்து என்றால், சரியான நேரத்தில் பட்டனைத் தட்டியவர்கூட ‘தாமதமாகத் தட்டினார்’ என்று ரெக்கார்டு சாட்சி சொல்லும்.

அதனால்தான், இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் ‘யார் செஞ்சது?’ என்று ஆரம்பிப்பதில்லை. ‘நேத்திக்கும் இன்னிக்கும் நடுவில் என்ன மாறுச்சு?’ என்பதுதான் அவர்களுடைய முதல் கேள்வி.

கம்ப்யூட்டருக்குப் பதில் ஆட்களை இடம் மாற்றினால்? ஆஸ்திரேலியாவின் லாங்ஃபோர்டில் எஸ்ஸோ நிறுவனத்தின் காஸ் ஆலை. அங்கிருந்த இன்ஜினீயர்களை 1992-ல் மெல்போர்ன் நகருக்கு மாற்றினார்கள். 1998 செப்டம்பர் 25-ம் தேதி, சூடான எண்ணெய் ஓட்டம் நின்று, ஒரு பெரிய உலோகக் கலம் உறைந்து நொறுங்கும் பதத்துக்கு வந்தது. அதில் மறுபடி சூடான எண்ணெயை விட்டதும் உடைந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். எட்டுப் பேருக்குக் காயம். விக்டோரியா மாநிலம் இரண்டு வாரத்துக்கும் மேல் காஸ் இல்லாமல் திண்டாடியது. நிறுவனம் ஆபரேட்டர்களைக் கை காட்டியது. ராயல் கமிஷன் ஒப்புக்கொள்ளவில்லை. இந்த ஆபத்தைப் பற்றி அவர்களுக்குச் சரியாகச் சொல்லித்தரவே இல்லையே என்றது. இன்ஜினீயர்கள் தூரத்துக்குப் போனதில், ஆபரேட்டர்களோடு அவர்களுக்கு இருந்த அன்றாடத் தொடர்பு குறைந்துபோனதையும் சுட்டிக்காட்டியது.

இப்போது நம் முதல் கேள்விக்கு வாருங்கள். ‘த்ரீ மைல் ஐலண்ட்’ ஆபரேட்டர் நாலு எட்டு நடந்து பேனலின் பின்னால் போயிருக்கலாம்தான். அந்த அளவு பொறுப்பு அவருக்கு உண்டு. ஆனால், நடப்பதற்கு முன்னால் சந்தேகம் வர வேண்டும். சந்தேகம் வர, விளக்கு பொய் சொல்லக்கூடும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர்கள், விளக்கை அமைத்தவர்கள். மீட்டரைப் பின்பக்கம் வைத்தவர்களும் அவர்கள் பக்கத்து ஆட்கள்தான். யாருக்கு எவ்வளவு தெரிந்திருந்ததோ, தெரிந்துகொள்ள எவ்வளவு வசதி இருந்ததோ, அவ்வளவு பங்கு பொறுப்பு. இதைவிட நியாயமான கணக்கு எனக்குத் தெரியவில்லை. நாம் போடுகிற கணக்கு பெரும்பாலும் தலைகீழ். கடைசியாகப் பட்டனைத் தொட்டவர் தலையில் முழுத் தொகையையும் எழுதிவிடுகிறோம்!

அணு உலை வரை போக வேண்டாம். ஊரில் தனியாக இருக்கிற அம்மாவிடம் போனில் ‘மாத்திரை போட்டியாம்மா?’ என்று கேட்கிறோம். ‘போட்டேன்ப்பா’ என்கிறார். அது அணைந்த விளக்கு. மாத்திரை அட்டை இருப்பது பின்பக்கம். பிறகு ஏதாவது ஆகிவிட்டால், ‘கூட இருந்து பார்த்துக்கறதுக்கென்ன?’ என்று வேலைக்காரம்மாவின் மேல் பாய்கிறோம். அவருக்கு எந்த மாத்திரை எதற்கு என்று நாம் சொன்னதே இல்லை.

ஆகவே, இரண்டு பேருக்கு ஒரு வேண்டுகோள். நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரே, ‘இங்கேருந்து எனக்கு அது தெரியலை’ என்று இன்றைக்கே, வாய்விட்டு, எழுத்திலும் சொல்லிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு சொன்னால் அது சாக்காகத்தான் காதில் விழும். நாற்காலியைப் போட்டுக்கொடுத்த மேலதிகாரியே, மெமோ டைப் செய்யச் சொல்வதற்கு முன்னால் ஒரு ராத்திரி ஷிஃப்ட் முழுக்க அதே நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அங்கிருந்து எதெல்லாம் தெரியவில்லை என்று ஒரு பேப்பரில் எழுதுங்கள். மெமோவில் யார் பெயரைப் போடுவது என்று அதற்கப்புறம் யோசிக்கலாம்.