காத்திருக்க முடிந்தவர்

பொன்முடியிலிருந்து இறங்கும் மலைப்பாதையில் 22 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,100 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது முதலில் தேயிலைச் சரிவுகள் வரும். கல்லாறு தாண்டி விதுரா, நெடுமங்காடு என்று போகப் போக ரப்பர்த் தோப்புகள், மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகள். திருவனந்தபுரத்தையும் கடந்து தெற்கே போனால் விழிஞ்ஞம் துறைமுகம். வணிக மேலாண்மைப் பள்ளியில் சப்ளை செயின் பாடம் எடுக்கும் நான், இந்தப் பாதையில் விளையும் மூன்று பொருள்களைத்தான் வகுப்பில் திரும்பத் திரும்பப் பேசுகிறேன்.

பறித்த பிறகும் தேயிலைக் கொழுந்துக்கு உயிர் உண்டு. சாக்கில் அழுத்தி அடைத்தால் தன் மூச்சிலேயே சூடேறிச் சிவந்துபோகும். அந்தச் சேதம் தூளின் தரத்தில் தெரிந்துவிடும். அன்றைக்கே ஆலைக்குக் கொண்டுபோய், காற்றோட்டமாகப் பரப்பி வாட்டியாக வேண்டும். பெரிய தோட்டங்கள் தங்களுக்குள்ளேயே ஆலை கட்டிக்கொண்டது இதனால்தான். ஆலை இல்லாத சிறு விவசாயி என்ன செய்வார்? நீலகிரியில் அப்படி ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் கொழுந்தை யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு என்ன விலை என்பது பிறகுதான் முடிவாகும். நான்கைந்து கிலோ கொழுந்து ஒரு கிலோ தூளாகிவிட்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. தூள் மாதக்கணக்கில் கெடாது. 1947 முதல் நடந்துவரும் கொச்சி ஏலத்தில் விலை படியாவிட்டால், மூட்டையை நிறுத்தி வைத்து அடுத்த ஏலத்துக்குக் கொண்டுவரலாம். கொழுந்து கொடுத்தவருக்கு அடுத்த ஏலம் என்று ஒன்று கிடையாது.

ரப்பர் பாலுக்கும் பொறுமை இல்லை. விடியலில் வெட்டிச் சிரட்டையில் வடிந்த பால் சில மணி நேரத்தில் தானே உறையத் தொடங்கும். ஆனால் இங்கே பல வீட்டு முற்றங்களில் கையால் சுற்றும் ரோலர் இருக்கிறது. பாலில் ஆசிட் கலந்து தட்டில் உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட்டாக்கி, புகையில் உலர்த்திவிட்டால் போதும். விலை சரிந்த வாரத்தில் விற்காமல் அடுக்கி வைக்கலாம். அந்த ஓர் இரும்பு யந்திரம் விவசாயிக்கு வாங்கித் தருவது நாட்களை. மிளகு இன்னும் ஒரு படி மேல். நன்றாக உலர்ந்து சாக்கில் ஏறிவிட்டால் வருடக்கணக்கில் கிடக்கும். கல்யாணம், கல்லூரிக் கட்டணம் என்று செலவு வரும்போது ஒரு சாக்கு வெளியே வரும். மூன்றும் ஒரே மலைநாட்டு மழையில் விளைபவை. வியாபாரி முன்னால் விற்பவர் நிற்கும் நிலை மட்டும் மூன்று விதம்.

யாரால் காத்திருக்க முடியுமோ அவரே விலை சொல்கிறார். எனக்கு இது பாடநூலில் கிடைக்கவில்லை, கிடைத்திருக்க வேண்டும். சரக்கு எங்காவது தேங்கித்தான் தீரும். கிடங்கைக் காலியாக்கிவிட்டேன் என்று ஒரு நிறுவனம் பெருமைப்படும்போது, அந்தத் தேக்கம் யார் வாசலுக்குப் போயிற்று என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அதைத் தாங்க வலுவில்லாதவர் வாசலுக்கு.

எங்கள் மாணவர்கள் முதலில் ஆடுவது பீர் விளையாட்டு. எம்ஐடியில் பேராசிரியர் ஜே ஃபாரஸ்டரின் காலத்தில் பிறந்தது. சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என நால்வர் வரிசையாக உட்கார்ந்து, பேசாமல், ஆர்டர் சீட்டை மட்டும் நகர்த்துவார்கள். வாடிக்கையாளர் வாங்குவது வாரம் 4 பெட்டியிலிருந்து 8 பெட்டியாக ஒரே ஒரு முறை ஏறும். அதற்கே ஆலை தலைகால் புரியாமல் ஆடிப்போகும். தகவல் தாமதம் என்ன செய்யும் என்று காட்ட இதைவிட நல்ல ஆட்டம் இல்லை. நானும் விடாமல் ஆடவைக்கிறேன். ஆனால் அந்த மேசையில் ஒரு பெட்டிகூட அழுகுவதில்லை. பெட்டி ஒரு வாரம் கிடந்தால் அரை டாலர் செலவு. நால்வருக்கும் அதே அரை டாலர். காத்திருப்பு எல்லோருக்கும் ஒரே விலை என்ற நம்பிக்கையை அது இளம் மனங்களில் சத்தமில்லாமல் விதைத்துவிடுகிறது.

மலைப்பாதைக்குத் தெற்கே நான் சொன்ன விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. அங்கே வரும் கப்பல்களின் தொழிலில் காத்திருப்புக்கு விலை உண்டு. டெமரேஜ் என்ற தாமதக் கட்டணமாக ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறார்கள். சிறு தொழில்களிடம் சரக்கு வாங்குபவர் பணம் தர 2006ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் 45 நாள் என்று எல்லை வைத்தது. அங்கெல்லாம் காத்திருப்பவரின் நேரத்தை யாரோ உட்கார்ந்து கணக்கிட்டிருக்கிறார்கள். கொழுந்து மூட்டையோடு எடைபோடும் இடத்தில் நிற்பவரின் நேரத்தையும் அப்படிக் கணக்கிட முடியும். எங்கள் துறைக்கு அதற்கான கணிதம் இருக்கிறது.

அதனால் மாணவர்கள் சப்ளை செயினை வரையும்போது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எண் எழுதச் சொல்கிறேன்: இவரால் எவ்வளவு நேரம் விற்காமல் இருக்க முடியும்? கொழுந்துக்குச் சில மணி, ஷீட்டுக்குச் சில மாதம், மிளகுக்குச் சில வருடம். அடுத்து, அந்த எண்ணைக் கூட்ட என்ன வேண்டும் என்று தேட வேண்டும். நீலகிரியில் 1965இல் தொடங்கிய இண்ட்கோசர்வ் கூட்டமைப்பில் இருப்பவை போன்ற கூட்டுறவுத் தேயிலை ஆலைகளா, கிடங்கு ரசீதின் பேரில் ஒரு கடனா? விதுராவில் ஒரு ரோலர் என்ன விலை, அது எத்தனை நாள் விற்பனையில் ஈடாகும் என்று விசாரித்து வருவது இந்தப் பருவத்தின் முதல் வேலை.