எதோடு ஒப்பிட்டு அளந்தோம்?

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், ‘சதையைக் கரைச்சு எண்ணுற வேலை’ என்பேன். சிரிப்பார்கள். ஆனால் ஆய்வகத்தில் நடப்பது அதுதான். புற்றுக்கட்டியின் சிறு துண்டை எடைபோட்டு, நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கினால் தெளிந்த நீர்போல் ஆகிவிடும். அதை ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் தெளித்தால், உள்ளிருக்கும் தனிமங்கள் அயனிகளாகும். கருவி அவற்றை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும். கதிர்சிகிச்சை ஆய்வுக்காகத் தங்கம், காடோலினியம் போன்ற உலோகங்களை இப்படி அளக்கிறார்கள். உலோகத்துக்கும் அலோகத்துக்கும் நடுவே நிற்கும் போரானையும்தான்.

போரான் ஏன்? போரான்-10 அணு, மெதுவான நியூட்ரான் ஒன்றைப் பிடித்தால் உடைந்து இரண்டு துகள்களாகச் சிதறும். அவை போகும் தூரம் ஏறக்குறைய ஒரு செல்லின் அகலம்தான். ஆகவே போரான் உள்ள புற்றுச்செல் சாகும், பக்கத்துச் செல் தப்பும். 1936இல் கார்டன் லாச்சர் சொன்ன யோசனை இது. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது!

1951இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில், மூளைப்புற்று முற்றியவர்களுக்கு இதை முதன்முதலாகச் செய்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. நலமான மூளையைவிடக் கட்டியில் போரான் அதிகம் சேர்கிறது என்று அளந்துதான் இறங்கினார்கள். ஆனால் போரான் ரத்தத்திலும் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. நியூட்ரான் பாய்ந்தபோது ரத்தக்குழாய்ச் சுவர்களும் சேர்ந்து சேதமாயின. யாருக்கும் குறிப்பிடும்படி ஆயுள் கூடவில்லை. 1961இல் நிறுத்திவிட்டார்கள். இந்தச் சிகிச்சை பெற்று இறந்த 14 பேரின் மூளைத்திசுவை ஆராய்ந்த அறிக்கை 1972இல் வந்தது.

என்னைத் தொந்தரவு செய்வது இதுதான். கட்டிக்கு எதிரே மூளையை வைத்தால் நல்ல செய்தி. ரத்தத்தை வைத்தால் கெட்ட செய்தி. இரண்டு எண்ணும் சரி. யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் ஏமாந்துவிடலாம். எதை அளப்பது, எதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்பதைக் கருவி முடிவு செய்வதில்லை. நாம்தான் செய்கிறோம். அதனால் அது அறிவியல் முடிவு மட்டுமல்ல, அற முடிவும்கூட.

‘எப்படியும் சாகப் போறவங்கதானே, முயற்சி பண்ணிப் பார்த்ததுல என்ன தப்பு?’ என்று நண்பர்கள் கேட்பார்கள். இதிலும் அதே ஒப்பீட்டுக் கோளாறு இருக்கிறது. சாவோடு ஒப்பிட்டால் எந்தச் சிகிச்சையும் லாபமாகத்தான் தெரியும். ஒப்பிட வேண்டியது மிச்சமிருக்கும் மாதங்களோடு: வீட்டில் இருந்திருக்கக்கூடிய, பிள்ளைகளிடம் பேசியிருக்கக்கூடிய மாதங்கள். அந்த மாதங்களை எந்தப் பிளாஸ்மாவிலும் தெளித்து எண்ண முடியாது. எண்ண முடியாததால் கணக்கிலிருந்து விழுந்துவிடுகின்றன.

பின்னாளில் சில குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1999இல் ஜூரி அவர்கள் பக்கம் நின்றது. 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அலட்சியம் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று தீர்ப்பை மாற்றியது. அலட்சியம் இல்லை என்பதால் கடனும் இல்லை என்று ஆகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

என் அத்தைக்கு அறுவை சிகிச்சை நடப்பதற்கு முன், கட்டியின் ஒரு பகுதியை ஆய்வுக்குத் தரச் சம்மதமா என்று படிவம் நீட்டினார்கள். அத்தை என்னைப் பார்த்தார். “என் சதையில என்ன இருக்குன்னு எண்ணிப் பார்த்தா எனக்கு என்னடா கெடைக்கும்?”

“உங்களுக்கு ஒன்னும் கெடைக்காது அத்தை. பின்னாடி வர்றவங்களுக்குக் கெடைக்கலாம். கெடைக்காமலும் போகலாம்.”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போடாமல் இருந்திருந்தாலும் அது சரியான முடிவாகவே இருந்திருக்கும். அந்தக் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்வதுதான் ஆய்வு செய்பவன் முதலில் செய்ய வேண்டியது என்று நினைக்கிறேன். தானமாகத் தருபவரை, பலன் பெறப்போகும் நோயாளி என்று நம்பவைத்துவிட்டு வாங்கும் ஒரு கிராம் திசு, அளவில் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் திருட்டுதான்.

2020இல் ஜப்பான், தலை, கழுத்துப் புற்றுக்கு இந்தச் சிகிச்சையை அங்கீகரித்தது. இப்போது நோயாளியின் ரத்தத்தை எடுத்துப் போரானை அளந்து, அதை வைத்துத்தான் கதிர் பாய்ச்சும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். ரத்தத்தைப் பார்க்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்தப் பழைய நோயாளிகள். அவர்கள் ஆசிரியர்களாக வரவில்லை, பிழைக்க வந்தார்கள். அவர்களிடம் கற்றுக்கொண்டதைப் பயன்படுத்தும்போதெல்லாம் இதையும் சேர்த்தே நினைவில் வைத்திருக்க வேண்டும்.